17,000 பேரிடம் ஒரே கேள்வி: எலினோர் சிட்ஜ்விக் பற்றிக் கொஞ்சம் பேசுவோமா?

சுண்ணக்கட்டி எழுதியது:

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வீடு வீடாகப் போன ஆசிரியைகளில் நானும் ஒருத்தி. அந்தப் படிவத்தில் திருமணமான பெண்களிடம் கேட்க ஒரு கேள்வி உண்டு. உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது இருப்பவர்கள் எத்தனை? முப்பது வருஷத்துக்கு முன் பிறந்து நாலே நாளில் போன குழந்தையைப் பல தாய்மார்கள் முதல் தடவை சொல்வதில்லை. திண்ணையில் உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி கேட்டால்தான் வரும். சிலருக்குச் சொல்ல மனசில்லை. சிலருக்கு உண்மையிலேயே நினைவில் இல்லை. அன்றிலிருந்து எந்தக் கணக்கைப் பார்த்தாலும் இதில் விட்டுப்போனது எவ்வளவு என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.

அந்தப் பழக்கத்தோடு படித்ததால்தான் எலினோர் சிட்ஜ்விக் என் மனசில் இப்படி உட்கார்ந்துவிட்டார் போலிருக்கிறது. பேய், ஆவி, டெலிபதி என்று பேச ஆரம்பித்தால் நம்மவர்கள் உடனே சொல்லும் பெயர்கள் ஷெர்லாக் ஹோம்ஸ் எழுதிய கோனன் டாயில், இல்லாவிட்டால் பிரம்மஞான சபையைத் தொடங்கியவர்களில் ஒருவரான மேடம் பிளவாட்ஸ்கி. விஷயம் கொஞ்சம் தெரிந்தவர்கள் மையர்ஸ், கர்னி, ஆலிவர் லாட்ஜ் என்பார்கள். இவற்றையெல்லாம் ஆராய்ந்து பார்த்த வேலையின் முதுகெலும்பாக இருந்த பெண்மணியை யாரும் சொல்வதில்லை.

1845ல் ஸ்காட்லாந்தில் விட்டிங்ஹேம் என்ற ஊரில் பிறந்தார். தாய்மாமன் சாலிஸ்பரி பிரபு, தம்பி ஆர்தர் பால்ஃபர். இருவரும் பிரிட்டனின் பிரதமர்களாக இருந்தவர்கள். 1876ல் கேம்பிரிட்ஜ் தத்துவ அறிஞர் ஹென்றி சிட்ஜ்விக்கை மணந்தார். அதற்கு முன்பிருந்தே இவர்கள் கூட்டம், ஆவிகளோடு பேசுவதாகச் சொல்லும் மீடியம்களின் இருட்டறைகளுக்குப் போய் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. நியூகாஸிலிலிருந்து வந்த இரண்டு இளம்பெண் மீடியம்கள், அமெரிக்காவில் இந்த அலையையே தொடங்கி வைத்த ஃபாக்ஸ் சகோதரிகளில் ஒருவரான கேட், சிலேட்டில் தானாக எழுத்து வரவைப்பதாகச் சொன்ன ஹென்றி ஸ்லேடு என்று வரிசையாகப் பார்த்தார்கள். வருஷக்கணக்கில் இருட்டில் கைகோத்து உட்கார்ந்ததில் எலினோருக்கு நம்பும்படி கிடைத்தது அநேகமாக ஒன்றுமில்லை. அதை 1886ல் அப்படியே எழுதினார்.

1882 பிப்ரவரியில் லண்டனில், இவற்றை ஆராய்வதற்கென்றே சொசைட்டி ஃபார் சைக்கிகல் ரிசர்ச் என்ற சங்கம் தொடங்கப்பட்டது. முதல் தலைவர் ஹென்றி. எலினோர் முறைப்படி உறுப்பினரானது 1884ல். மறு வருஷமே, இறந்தவர்களின் உருவத்தைக் கண்டதாகச் சங்கத்துக்கு வந்து குவிந்திருந்த சாட்சியங்களை ஒவ்வொன்றாக எடுத்து அலசி ஒரு பெரிய கட்டுரை எழுதினார். பார்த்தவர் அசந்து தூங்கினாரா, விளக்கு எங்கே இருந்தது, கதையை முதலில் யாரிடம் சொன்னார், எத்தனை நாள் கழித்து எழுதினார் என்று ஒரு கிராம நிர்வாக அலுவலர் பட்டாவைச் சரிபார்ப்பது போலச் சரிபார்க்கிறார். பெரும்பாலானவை விழுந்துவிடுகின்றன. விழாமல் நிற்கும் சிலவற்றையும் மறைக்கவில்லை. ஒரே வீட்டில், ஒருவரையொருவர் அறியாதவர்கள் ஒரே மாதிரி உருவத்தைப் பார்த்ததாகச் சொல்லும் சாட்சிகளை முழுக்கத் தள்ளிவிடத் தன்னால் முடியவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். எந்த விளக்கமும் தனக்குத் திருப்தி தரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறார்.

அப்புறம்தான் அந்தப் பெரிய வேலை. 1889லிருந்து 1892 வரை 410 தன்னார்வலர்கள் 17,000 பேரிடம் போய் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். முழுதாக விழித்திருக்கிறேன் என்று நீங்கள் நம்பிய நேரத்தில், ஓர் உருவத்தைப் பார்த்தது போலவோ, தொடப்பட்டது போலவோ, குரல் கேட்டது போலவோ, வெளிக்காரணம் எதுவும் தெரியாமல், தெளிவாக உணர்ந்தது உண்டா என்பதே அதன் சாரம். கனவு, காய்ச்சல் வேகம் போன்றவற்றைக் கழித்த பிறகு ஆம் என்றவர்கள் 1,684 பேர். அதாவது 9.9 சதவீதம். பெண்களில் 12, ஆண்களில் 7.8.

பத்தில் ஒருவர்! நல்ல சுயநினைவோடு, சமையலும் உத்தியோகமும் பார்த்துக்கொண்டிருந்த சாதாரண மனிதர்கள். இல்லாததைக் கண்ணால் காண்பது பைத்தியத்தின் அடையாளம் என்று நினைத்த காலத்தில் வந்த எண் இது.

1894ல் வெளியான அந்த அறிக்கை சுமார் 400 பக்கம். மேலே இருக்கும் பெயர் பேராசிரியர் சிட்ஜ்விக் குழு. உள்ளே உழைத்ததில் பெரும்பகுதி எலினோரும், அவருடைய செயலாளராக இருந்த ஆலிஸ் ஜான்சனும். ஆலிஸ், கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் பெண்கள் கல்லூரியில் விலங்கியல் படித்த மாணவி. இதைப் பற்றிப் பேச ஆள் கிடைத்தால் சந்தோஷப்படுவேன்.

மின்கம்பி எழுதியது:

தலைப்பைப் பார்த்ததும் இந்தப் பெயரை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று யோசித்தேன், கண்டுபிடித்துவிட்டேன். நான் மின்வேலைக்காரன். மின்தடையை அளக்கும் ஓம் என்ற அலகைத் திருத்திய வரலாற்றில் இவர் பெயர் வரும்.

எலினோரின் தங்கை கணவர்தான் ரேலி பிரபு, பின்னால் 1904ல் இயற்பியலுக்கு நோபல் வாங்கியவர். 1879லிருந்து 1884 வரை கேவண்டிஷ் ஆய்வகத்தின் பேராசிரியர். அப்போது மின்தடைக்கு இருந்த பிரிட்டிஷ் அளவீடு சரியா என்ற சந்தேகம் இருந்தது. ரேலியும் மைத்துனி எலினோரும் அதை மறுபடி அளந்தார்கள். பழைய அலகு இருக்கவேண்டியதைவிடச் சுமார் 1.3 சதவீதம் குறைவு என்று வந்தது. வெள்ளி எவ்வளவு படிகிறது என்பதை வைத்து மின்னோட்டத்தை அளக்கும் வேலையையும் இருவரும் சேர்ந்து செய்தார்கள். ராயல் சொசைட்டியின் இதழில் வந்த அந்தக் கட்டுரைகளில் ரேலியின் பெயருக்குப் பக்கத்தில் மிஸஸ் சிட்ஜ்விக் என்று இருக்கும்.

1.3 சதவீதத்தைக் கண்டுபிடிக்க எவ்வளவு பொறுமை வேண்டும் என்று களத்தில் வேலை பார்க்கிறவனுக்குத் தெரியும். அறையின் சூடு மாறினாலே அளவு மாறும். வண்டி ஓடும் அதிர்வுக்கே முள் ஆடும். அந்தக் கை அளந்த கை என்றால், பேய்க் கதையிலும் அதே கைதான் வேலை செய்திருக்கும்.

நேர்கோடு எழுதியது:

டீச்சர், மதிப்போடு சில கேள்விகள் கேட்கிறேன்.

முதலாவது, 410 பேரும் தன்னார்வலர்கள். தங்களுக்குத் தெரிந்தவர்களிடம்தான் போயிருப்பார்கள். இதில் ஆர்வம் இருப்பவரின் நட்பு வட்டத்திலும் அதே ஆர்வம் இருக்கும். இன்றைக்கு நாம் சொல்லும் மாதிரியெடுப்பு இது இல்லை.

இரண்டாவது, அந்த அறிக்கையின் முடிவுதான் எனக்குப் பெரிய தொந்தரவு. சாவு நேரத்தில் தோன்றும் உருவங்களுக்கும் சாவுக்கும் வெறும் தற்செயலைத் தாண்டிய தொடர்பு உண்டு என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். எப்படி? அன்றைய இங்கிலாந்தில் வருஷத்துக்கு ஆயிரத்துக்கு 19 பேர் சுமாராக இறந்தார்கள். ஆக, ஏதோ ஒரு மனிதர் குறிப்பிட்ட ஒரு நாளில் சாக வாய்ப்பு 19,000ல் ஒன்று. இவர்கள் கணக்கிலோ, கண்ட உருவங்களில் 43ல் ஒன்று அந்த ஆளின் சாவோடு ஒத்துவந்தது. வித்தியாசம் பயங்கரம்தான். ஆனால் 19,000ல் ஒன்று என்பது பிறந்த குழந்தையிலிருந்து கிழவர் வரை எல்லோருக்கும் பொதுவான சராசரி. படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவை நினைத்துக் கவலையோடு இருக்கும் மகளுக்குத்தான் அப்பா உருவம் தெரியும். அந்த அப்பாவுக்கு அந்தச் சராசரி பொருந்துமா?

மூன்றாவது, நினைவு. 1897லேயே எட்மண்ட் பாரிஷ் என்பவர் இதை எழுதிவிட்டார். பாதித் தூக்கத்தில் கண்டதை விழிப்பில் கண்டதாக மனசு மாற்றிக்கொள்ளும். சேதி வந்த பிறகு, தெளிவில்லாத ஓர் உருவம் செத்தவரின் முகமாகிவிடும். இந்தச் சங்கத்தின் ஆளான டேவியே இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார். அவர் மீடியம் மாதிரி நடித்துச் சிலேட் வித்தை செய்தார். வந்து உட்கார்ந்தவர்களிடம் நடந்ததை எழுதச் சொன்னார். அவர்கள் எழுதியதற்கும் நடந்ததற்கும் சம்பந்தமே இல்லாத இடங்கள் எத்தனையோ. 1887ல் வெளியான சோதனை அது.

எனவே இவரை முன்னோடி என்கிறீர்களே, எதில் முன்னோடி?

சுண்ணக்கட்டி எழுதியது:

நேர்கோடு ஐயா, நல்ல கேள்விகள். முதல் கேள்விக்கு முழுசாகத் தலையாட்டுகிறேன். அது சரியான மாதிரியெடுப்பு இல்லை. ஒரு படிவத்தில் 25 பேர், 21 வயதுக்கு மேல், பதில் என்னவாக இருக்கும் என்று முன்கூட்டித் தெரிந்து ஆளைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று அறிவுறுத்தல் கொடுத்தார்கள். கொடுத்தால் மட்டும் போதுமா என்று கணக்கெடுப்புக்குப் போன எனக்குத் தெரியாதா? இல்லை என்று சொல்கிறவரின் பதிலையும் எழுதி வாங்குவதற்கு அலுப்பாக இருக்கும். கதை வைத்திருக்கிறவர் வீட்டு வாசலில் கால் தானாக நிற்கும்.

ஆனால் உங்கள் 43ல் ஒன்று எப்படி வந்தது என்று பாருங்கள். நான் இந்த இழையைத் தொடங்கியதே அதற்காகத்தான்.

சாவோடு ஒத்துப்போனதாகச் சொல்லப்பட்ட உருவங்களை வடிகட்டி வடிகட்டி, கடைசியில் 30ஐ மட்டும் வைத்துக்கொண்டார்கள். சாவுக்கு முன்னே பின்னே 12 மணி நேரத்துக்குள் நடந்திருக்க வேண்டும் என்பது விதி. இன்னொரு பக்கம், உயிரோடு இருந்த, தெரிந்த ஆட்களின் உருவத்தைக் கண்டவை எல்லாம் சேர்ந்து முன்னூற்றுச் சொச்சம். அப்படியே வகுத்திருந்தால் பத்துப் பதினொன்றில் ஒன்று வந்திருக்கும். இன்னும் பிரமாதமான எண்! யாராவது கட்சி கட்டுகிறவராக இருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பார்.

இவர்கள் நிறுத்தவில்லை. எந்த வருஷத்தில் எத்தனை உருவம் கண்டதாகச் சொல்கிறார்கள் என்று ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்தார்கள். போன வருஷம் கண்டவை நிறைய. பத்து வருஷத்துக்கு முன் கண்டவை குறைவு. இருபது வருஷத்துக்கு முன், இன்னும் குறைவு. மனிதர்கள் வருஷத்துக்கு வருஷம் அதிகமாகவா உருவம் காண ஆரம்பித்தார்கள்? இல்லை, பழையதை மறந்துவிட்டார்கள். எதை மறப்பார்கள்? ஒன்றும் நடக்காததை. ஹாலில் அண்ணன் நின்ற மாதிரி இருந்தது, அண்ணன் சௌக்கியமாகத்தான் இருக்கிறார், அது நாலு நாளில் மறந்துபோகும். அண்ணன் அன்று ராத்திரியே இறந்திருந்தால் சாகும்வரை மறக்காது. ஆகவே ஒத்துப்போகாதவற்றின் எண்ணிக்கைதான் காகிதத்தில் குறைந்து தெரிகிறது என்று சொல்லி, அந்த முன்னூற்றுச் சொச்சத்தை நாலால் பெருக்கினார்கள். சுமார் 1,300. சாவோடு ஒத்தவற்றை மட்டும் பெருக்கவில்லை, அவை 30ஆகவே இருந்தன. 1,300ஐ 30ஆல் வகுத்தால் உங்கள் 43.

தன் முடிவுக்கு எதிரான பக்கத்தை நாலு மடங்காக்கிவிட்டுப் பிறகு கணக்குப் போட்டிருக்கிறார்கள். 1894ல். நான் வாசலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக் கேட்டது ஒரு விட்டுப்போன குழந்தையை. இவர்கள் விட்டுப்போன ஆயிரம் உருவங்களைக் காகிதத்தின் சாய்வை வைத்தே கண்டுபிடித்தார்கள். அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

நோயாளி அப்பாவைப் பற்றிய உங்கள் கேள்வியை, கவலையும் எதிர்பார்ப்பும் உருவத்தை உண்டாக்குமா என்று அந்த அறிக்கையே எடுத்துப் பேசுகிறது. போதுமான அளவுக்குப் பேசுகிறதா என்று கேட்டால், இல்லை என்பேன். சராசரி இறப்பு விகிதத்தை வைத்தது பலவீனம்தான். நிரூபணமாகிவிட்டது என்று அந்தக் கடைசி வரியை எழுதியிருக்க வேண்டாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

எதில் முன்னோடி என்றீர்கள். இன்னொன்றைச் சொல்கிறேன், பேய்க்குச் சம்பந்தமில்லாதது. பெண்கள் கல்லூரியில் படித்தால் உடம்பு கெட்டுவிடும், பிள்ளை பெற மாட்டார்கள் என்று டாக்டர்களே எழுதிக்கொண்டிருந்த காலம். 1890ல் எலினோர் கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டில் படித்த பெண்களின் ஆரோக்கியத்தைக் கணக்கெடுத்து வெளியிட்டார். யாரோடு ஒப்பிட்டார் தெரியுமா? ஊரிலுள்ள மற்ற பெண்களோடு இல்லை. கல்லூரிக்குப் போகாத அவர்களுடைய சொந்த அக்கா தங்கைகளோடு. அதே வீடு, அதே சாப்பாடு, அதே அப்பா அம்மா. படிப்பு மட்டும்தான் வித்தியாசம். படித்தவர்கள் உடம்பு ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று வந்தது. ஒப்பீட்டுக்கு யாரை நிறுத்த வேண்டும் என்று அவருக்கு இருந்த தெளிவு, அப்போதைய டாக்டர்கள் பலருக்கு இல்லை.

நேர்கோடு எழுதியது:

நாலால் பெருக்கிய விஷயம் எனக்குத் தெரியாது. முடிவை மட்டும் படித்துவிட்டுப் பேசியிருக்கிறேன். அந்தப் படி நியாயமானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மறதி எவ்வளவு என்பது ஊகம்தானே. நாலுக்குப் பதில் நாற்பது என்றால் கதை வேறு. சராசரி விகிதம் பற்றிய என் எதிர்ப்பும் அப்படியே நிற்கிறது.

இன்னொரு விஷயம். பிரைட்டனில் ஸ்மித் என்பவரை வைத்து நடத்திய டெலிபதி சோதனைகளில் இவர் ஏமாந்தார் என்று படித்திருக்கிறேன். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

சுண்ணக்கட்டி எழுதியது:

ஜார்ஜ் ஆல்பர்ட் ஸ்மித். மேடையில் மனோவசியம் செய்தவர், பின்னால் சினிமாவின் ஆரம்பகால ஆட்களில் ஒருவராக ஆனவர். வசியத்தில் இருக்கும் ஆளுக்கு ஸ்மித் இரண்டு இலக்க எண்ணை மனசால் அனுப்புவார். 10லிருந்து 90 வரை எண்கள், பையிலிருந்து ஒரு காயை எடுப்பது. எலினோரும் ஹென்றியும் நடத்திய முதல் வரிசையில், ஸ்மித் அதே அறையில் இருந்தபோது 644 தடவையில் 131 சரி. தற்செயலாக வரவேண்டியது எட்டு. வேறு அறையில் இருந்தபோது 228ல் ஒன்பதுதான் சரி. தற்செயலுக்கே வருவது சுமார் மூன்று.

இந்த இரண்டு எண்ணும் எங்கிருந்து நமக்குத் தெரிகிறது? அவர்களே போட்டதால்தான். அறை மாறியதும் வெற்றி சரிந்ததை அவர்கள் மறைத்திருந்தால் இன்றைக்கு நீங்களும் நானும் சந்தேகப்பட வழியே இல்லை. ஸ்மித் அறியாமல் உதடு அசைத்து முணுமுணுத்திருப்பார், அதுதான் விஷயம் என்று 1895ல் டென்மார்க்கிலிருந்து லேமன், ஹான்சன் என்ற இருவர் எழுதினார்கள். எதை வைத்து எழுதினார்கள்? தாங்கள் செய்த முணுமுணுப்புச் சோதனையை இவர்கள் வெளியிட்ட அட்டவணையோடு ஒப்பிட்டு.

ஸ்மித்தின் பழைய கூட்டாளி ஒருவர் பல வருஷம் கழித்து, 1882ல் நாங்கள் சமிக்ஞை வைத்துத்தான் ஏமாற்றினோம் என்று பத்திரிகையில் எழுதினார். ஸ்மித் மறுத்தார். எனக்கு ஸ்மித் மேல் நம்பிக்கை இல்லை. எலினோர் அவரைக் கடைசிவரை நம்பியது அவருடைய குறை என்றே நினைக்கிறேன். ஆனால் கிரீரி சகோதரிகள் சமிக்ஞை செய்வதை 1887ல் பிடித்தது இதே தம்பதிதான். டெலிபதிக்குச் சங்கத்தின் முதல் சாட்சியமாக அதுவரை கொண்டாடப்பட்ட பெண்கள் அவர்கள். எக்லிண்டன் என்ற பிரபல சிலேட் மீடியத்தின் வேலை வெறும் கண்கட்டு வித்தை என்று 1886ல் பெயர் சொல்லி எழுதியது எலினோர். அதனால் ஆவி நம்பிக்கையாளர்கள் பலர் சங்கத்தை விட்டே போனார்கள். ஒரு பக்கம் விஞ்ஞானிகளின் ஏளனம், இன்னொரு பக்கம் நம்பிக்கையாளர்களின் கோபம். இரண்டுக்கும் நடுவில் நாற்பது வருஷத்துக்கு மேல் நின்றிருக்கிறார்.

ஆலமரத்தடி எழுதியது:

இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். பிரம்மஞான சபை இருக்கும் சென்னை அடையாறு பற்றி யாரும் பேசவில்லையே என்று ஆச்சரியம். பிளவாட்ஸ்கி அம்மையாரை மோசக்காரி என்று முத்திரை குத்திய 1885 அறிக்கையின் குழுவில் உங்கள் எலினோரும் ஒருவர். ஹாட்ஜ்சன் என்ற இளைஞர் 1884 டிசம்பரில் சென்னைக்கு வந்து மூன்று மாதம் விசாரித்துவிட்டுப் போனார். அடையாறில் வேலை பார்த்து விலக்கப்பட்ட கூலோம் தம்பதி, அம்மையார் தங்களுக்கு எழுதியதாகச் சொன்ன கடிதங்களை அந்த வருஷம் செப்டம்பரில் சென்னை கிறித்துவக் கல்லூரி இதழில் வெளியிட்டிருந்தார்கள். கோபத்தில் இருந்தவர்கள் பேச்சை அடிப்படையாக வைத்த விசாரணை அது. நூறு வருஷம் கழித்து, 1986ல், வெர்னன் ஹாரிசன் அதே சங்கத்தின் இதழிலேயே ஹாட்ஜ்சனின் கையெழுத்து ஆராய்ச்சி நியாயமில்லாதது என்று எழுதினார். நான் அந்தத் தோட்டத்தில் சிறு வயதிலிருந்து நடக்கிறவன். நம்பிக்கை உள்ள குடும்பம். கோபத்தில் எழுதவில்லை, வருத்தத்தில் எழுதுகிறேன். நாலால் பெருக்கும் அளவுக்குக் கவனமானவர் இதில் மட்டும் ஏன் கவனமாக இல்லை?

சுண்ணக்கட்டி எழுதியது:

ஐயா, வருத்தம் நியாயமானது. எலினோர் அந்தக் குழுவில் இருந்தார், அதிலிருந்து அவரைப் பிரித்து எடுத்து நான் காப்பாற்ற முடியாது. சென்னைக்கு வந்து பார்த்தது ஹாட்ஜ்சன் ஒருவர்தான். மற்றவர்கள் இங்கிலாந்தில் உட்கார்ந்து அவர் கொண்டுவந்த காகிதங்களைப் படித்தார்கள். கணக்கெடுப்பில் ஒரே ஒருவர் போய்வந்த தெருவை வேறு யாரும் சரிபார்க்காமல் விட்டால் மேற்பார்வையாளரை நான் குறை சொல்வேன். இங்கேயும் அதையேதான் சொல்வேன். அடையாறில் கடிதங்கள் அதிசயமாகத் தோன்றியதாகச் சொல்லப்பட்ட பூஜை மாடத்தின் பின்னால் இருந்த சுவர், அதிலிருந்த திறப்புகள் பற்றிய சாட்சியம் எனக்கு இன்றும் வலுவாகத்தான் தெரிகிறது. கையெழுத்து விஷயத்தில் ஹாரிசன் சொன்னதில் எடை இருக்கிறது. இதைப் பற்றித் தனியாக ஓர் இழை தொடங்குங்கள், வருகிறேன்.

மின்கம்பி எழுதியது:

ஒரு சின்னச் சந்தேகம். இவ்வளவு செய்தவர் பெயர் ஏன் காணாமல் போனது?

சுண்ணக்கட்டி எழுதியது:

கொஞ்சம் பெயராலேயே போனது. கணவர் பெயரில் குழு, கணவர் பெயரில் அறிக்கை. தன் கட்டுரைகளிலேயே மிஸஸ் ஹென்றி சிட்ஜ்விக். மேற்கோள் காட்டுகிறவர்கள் சிட்ஜ்விக் என்று மட்டும் எழுதினால் படிக்கிறவர் ஹென்றி என்று நினைத்துக்கொள்வார்.

இன்னொன்று, அவருக்கு வேறொரு முழுநேர வேலை இருந்தது. பெண்கள் படிக்க ஹென்றி தொடங்கிவைத்த நியூன்ஹாமில் கணக்குச் சொல்லிக் கொடுத்தார், கணக்கு வழக்குப் பார்த்தார், 1892லிருந்து 1910 வரை முதல்வராக இருந்தார். அவருடைய மாணவிகள் தேர்வு எழுதலாம், ஆனால் பட்டம் கிடையாது. 1897 மே மாதம் பட்டம் தரலாமா என்று கேம்பிரிட்ஜில் வாக்கெடுப்பு வைத்தபோது 1,707 பேர் எதிர்த்தார்கள், 661 பேர் ஆதரித்தார்கள். கடைசியில் 1948ல்தான் கொடுத்தார்கள். எலினோர் 1936ல், 91 வயதுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, காலமாகிவிட்டார்.

கணவர் 1900ல் போன பிறகுதான் அவருடைய பெரிய வேலைகளில் சில வந்தன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1908ல் சங்கத்தின் தலைவரானார், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். 1915ல், எழுபது வயதில், பாஸ்டன் மீடியம் பைப்பர் அம்மையாரின் மயக்கப் பேச்சுகளைப் பற்றி அறுநூறு பக்கத்துக்கு மேல் எழுதினார். அவர் மூலம் பேசுவதாகச் சொல்லப்பட்ட ஆவிகள் தனி ஆட்கள் இல்லை, பைப்பரின் சொந்த மனசின் பகுதிகள் என்பது அதில் அவர் கண்ட முடிவு. அதோடு, அந்த மனசுக்கு வேறு வழியில் சில செய்திகள் வந்து சேர்ந்தன என்றும் நினைத்தார். முதுமையில், மரணத்துக்குப் பின் ஏதோ மிஞ்சுகிறது என்ற நம்பிக்கைக்கு வந்துவிட்டார். நான் அந்த இடம் வரை அவரோடு போகவில்லை. ஆனால் அவசரப்பட்டு அங்கே போனார் என்று யாரும் சொல்ல முடியாது.

வெள்ளாற்றங்கரை எழுதியது:

நான் வெறும் வாசகன். எழுத வேண்டாம் என்று இருந்தேன், மனசு கேட்கவில்லை. எங்கள் அப்பாயி பற்றி ஒரு விஷயம்.

அப்பாயியின் தம்பி பம்பாயில் ஆலை வேலைக்குப் போயிருந்தார். ஒரு நாள் விளக்கு வைக்கும் நேரத்தில் அப்பாயி முறத்தோடு வாசலுக்கு வந்தபோது, திண்ணையின் ஓரத்தில் தம்பி நின்றாராம். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. எப்படா வந்தே என்று கேட்பதற்குள் ஆளைக் காணோம். மறுநாள் தந்தி. நாங்கள் பிள்ளைகளாக இருந்தபோது வருஷத்துக்கு ஒரு தடவையாவது இந்தக் கதையைக் கேட்டிருக்கிறோம். அப்பாயி பொய் பேசுகிறவர் இல்லை. இந்த இழையைப் படிக்கிறபோது, எலினோர் அம்மா அப்பாயியை எந்தப் பட்டியலில் போட்டிருப்பார் என்று தோன்றியது.

சுண்ணக்கட்டி எழுதியது:

எழுதியதற்கு நன்றி தம்பி. உங்கள் அப்பாயி பொய் சொல்லியிருப்பார் என்று எலினோரும் நினைத்திருக்க மாட்டார். அவர் கேட்டிருக்கும் கேள்விகளை மட்டும் கேட்கிறேன். தந்தி வருவதற்கு முன் இந்த விஷயத்தை அப்பாயி யாரிடமாவது சொன்னாரா? அந்த ஆள் இப்போது இருக்கிறாரா? தம்பிக்கு உடம்பு சரியில்லை என்று முன்னமே கடிதம் ஏதாவது வந்திருந்ததா? தந்தியில் இறந்த நேரம் இருந்ததா? கடைசியாக ஒன்று. தம்பியையோ வேறு யாரையோ இதே மாதிரி வேறு எப்போதாவது பார்த்தது உண்டா?

வெள்ளாற்றங்கரை எழுதியது:

மூன்று நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். அப்பாயி போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அத்தைக்கு அப்போது பத்து வயது, வீட்டிலேயே இருந்தவர். நேரில் போய்க் கேட்டேன்.

தந்தி வருவதற்கு முன் அப்பாயி சொன்னதாக அத்தைக்கு நினைவில்லை. தந்தி வந்து அழும்போதுதான், நேத்தே வந்து நின்னானே என்று சொல்லி அழுதாராம். கடிதம் ஏதும் வரவில்லை, உடம்பு சரியில்லை என்று யாருக்கும் தெரியாது. தந்தி தொலைந்துபோய்விட்டது.

கடைசிக் கேள்வியைக் கேட்டதும் அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "அதுக்கு முன்னால ஒரு தீபாவளிக்கும் இப்படித்தான் பார்த்தேன்னு சொல்லிச்சு. அவர் அப்ப நல்லாத்தான் இருந்தாரு. பொங்கலுக்கு வந்தாரே." எங்கள் வீட்டில் இத்தனை வருஷத்தில் யாரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அத்தைக்கே நான் கேட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது.

சுண்ணக்கட்டி எழுதியது:

அந்தத் தீபாவளி எந்த வருஷம் என்று அத்தையிடம் கேளுங்கள். அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதி, இன்றைய தேதியையும் போட்டு வையுங்கள். தந்தி வந்த கதை இன்னும் எத்தனை தலைமுறைக்கும் நிற்கும். இது அத்தையோடு போய்விடும்.